பதினெட்டு டம்ளர்

உங்கள் வீட்டுக்குப் பதினெட்டுப் பேர் வருகிறார்கள் என்றால் முதலில் எதைக் கழுவுவீர்கள்? தரையை என்பீர்கள், இல்லையென்றால் கக்கூஸை. நான் டம்ளரைக் கழுவினேன். புது டம்ளர்கள், வாய்ப்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டியபடி கடையிலிருந்து வந்தவை. பசை போகத் தேங்காயெண்ணெய் தடவித் துடைத்து, எண்ணெய் போக சோப்பு போட்டு, சோப்பு போக எலுமிச்சை மூடியால் தேய்த்து, வெந்நீரில் அலசி, வெள்ளைத் துணியில் கவிழ்த்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே மூக்கை விட்டு மோந்து பார்த்தேன். ஏழாவதில் ஏதோ வாடை. மறுபடி கழுவினேன். மறுபடியும் வாடை. அப்புறம்தான் புரிந்தது, வாடை டம்ளரில் இல்லை, என் விரலில். வெங்காயம். இதைச் சொல்லி என்னை நானே கிண்டல் பண்ணிச் சிரித்துக்கொண்டேன் மத்தியானம். இப்போது முட்டி போட்டு, கையில் ஜெபமாலையோடு, என் வீட்டு முன்னறையில் பதினெட்டுப் பேர் மூச்சுக்கு நடுவில் இருக்கும்போது அதே நினைப்பு வேறு மாதிரி வருகிறது, புளித்துப்போய் வருகிறது. நாய் மாதிரி மோந்திருக்கிறேனே. பதினெட்டையும். யாருடைய மூக்கை வைத்து மோந்தேன்? என் மூக்கை வைத்தா? "விண்ணகத்திலிருக்கிற எங்கள் தந்தையே" என்று டீச்சர் ஆரம்பிக்கிறார், மேக்டலின் டீச்சர், எங்கள் அன்பியத் தலைவி. கோயிலைச் சேர்ந்த குடும்பங்களைப் பங்கு என்பார்கள், அதைத் தெருவாரியாகப் பிரித்துப் பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். எங்களுடையதில் பதின்மூன்று குடும்பம். அக்டோபர் வந்தால் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். எந்த வீட்டுக்கு வருகிறதோ அந்த வீட்டில் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்லி, டீ குடித்து, கொறித்து, கதைபேசிக் கலைவார்கள். இன்றைக்கு என் வீடு. மாதா டிவி ஸ்டாண்டுமேல் நிற்கிறாள், டிவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மாதாவின் காலடியில் மல்லிகைச்சரம், இரண்டு மெழுகுவர்த்தி, பக்கத்திலேயே சுவரில் சாய்த்து ஒரு பெரிய துணிக்கடைப் பை. பைக்குள் பத்து பாக்கெட் கிரீம் பிஸ்கட், இரண்டு பாட்டில் ஆரஞ்சுக் கலர், ஒரு கட்டு பேப்பர் கப். நான் வாங்கியதில்லை. அவர்களே கொண்டுவந்தது.

"நீ ஒண்ணையும் இழுத்துப் போட்டுக்காதம்மா ஜெசிந்தா" என்று போன மாசக் கடைசி ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் டீச்சர் என் தோளைத் தொட்டுச் சொன்னார். தோளைத் தொட்டது சேலைமேல்தான், இருந்தாலும் தொட்டார், அதை நான் அப்போது பெரிசாக நினைத்தேன். "கைப்பிள்ளைக்காரி. வீடும் சின்னது. இருபது பேருக்கு அடுப்புல நின்னு சாகணும்னு மாதா கேட்டாங்களா? பிஸ்கட்டும் கலரும் போதும், நாங்களே வாங்கிட்டு வந்துடறோம். நீ விளக்கை ஏத்தி வை, நிம்மதியா ஜெபத்துல உக்காரு." பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா, எதிர்வீடு, என்னைவிட நாலைந்து வயசு மூத்தவள், தலையை ஆட்டினாள். "ஆமா ஜெசி, கூட்டம் வர்றப்ப டென்ஷன் ஆகக்கூடாது." எவ்வளவு நல்ல மனுசங்க என்று வீட்டுக்காரரிடம் வந்து சொன்னேன். அருளப்பன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, மில்லில் பிட்டர் வேலை, எப்போதும் பஞ்சு ஒட்டின தலை, "ம்" என்றார். அந்த ம் எனக்குப் பிடிக்கவில்லை. "என்ன ம்?" என்றேன். "வேலை மிச்சம்தானே, விடு" என்றார். "வேலை மிச்சம்னா மூஞ்சி ஏன் அப்படிப் போகுது?" "டீச்சர்கிட்ட வாய் குடுக்காத, அவ்வளவுதான். பாப்பாவுக்கு ஜூன்ல ஸ்கூல் சீட்டு வேணும், அவங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் சிஸ்டருங்க குடுப்பாங்க." அவருக்குத் தெரிந்திருக்கிறது. போன வருஷமே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் வடை எண்ணெய் வாசத்தில் மூளை அடைத்திருந்தது. போன வருஷம் நாங்கள் இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதுசு. நாற்பது உளுந்தவடை சுட்டேன். பாப்பா பெர்லினுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயசு, இடுப்பில் வைத்துக்கொண்டு ஒற்றைக்கையால் தட்டிப் போட்டேன், ஒன்றுகூடக் கோணவில்லை. ஜெபம் முடிந்து தட்டை நீட்டினால் ஒவ்வொருவரும் வயிற்றைத் தடவுகிறார்கள். "எனக்குக் கேஸ்." "இன்னைக்கு நான் ஒறுத்தல்மா, வாயைக் கட்டியிருக்கேன்." "இப்பத்தான் வீட்ல சாப்பிட்டு வந்தேன்." "எண்ணெய்ப் பலகாரம் டாக்டர் வேணாங்கிறார்." நான் சிரித்துக்கொண்டே அடுத்த ஆளிடம் போனேன், அடுத்த ஆளிடம் போனேன். நாற்பது வடை போனது, நாற்பது வடை திரும்பி வந்தது. அன்றைக்கு ராத்திரி உப்பு கூடிவிட்டதோ என்று ஒவ்வொரு வடையிலும் ஒரு ஓரம் பிட்டுத் தின்று பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது. பன்னிரண்டு வடை தின்று வாந்தி எடுத்தேன். இவ்வளவு பேருக்கும் ஒரே நாளில் கேஸா, மாதாவே, பாவம் என்று நினைத்தேன். உண்மையாகத்தான் நினைத்தேன்.

"முதலாம் மகிழ்ச்சி மறையுண்மை" முடிந்து மூவொரு இறைவன் புகழ் சொல்கிறார்கள். முட்டி வலிக்கிறது. மின்விசிறி சுற்றுகிறதே ஒழியக் காற்றைக் கீழே விட மாட்டேன் என்கிறது. தலையெண்ணெயும் வாடின பூவும் கக்கத்து வேர்வையும் மெழுகுப் புகையும் ஒன்றாகக் குழைந்து அறை முழுக்கச் சோற்றுக் கஞ்சி மாதிரி நிற்கிறது. எங்கள் வாடை இது இல்லை. காலையிலிருந்து எங்கள் வாடையை நான்தான் துரத்திவிட்டேனே. கருவாட்டு டப்பாவைப் பழைய துணியில் சுற்றி மாடிவீட்டுச் செல்விகிட்ட கொடுத்துவைத்தேன், "ரெண்டு நாளைக்கு வச்சிரு அக்கா, அப்புறம் வாங்கிக்கறேன்" என்று. அவள் "உன் வீட்டுக் கருவாடு உன் வீட்ல இருந்தா என்னடி?" என்று கேட்டாள். பூச்சி வரும் என்று பொய் சொன்னேன். பெர்லினை இரண்டு தடவை குளிப்பாட்டினேன். இரண்டாவது தடவை அவள் அழுதாள், சோப்பு கண்ணில் பட்டு, நான் அவள் தலையை மோந்து பார்த்தேன். என் பிள்ளை தலையை. நினைக்க நினைக்க நாக்கு தடிக்கிறது. டீச்சர் எனக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு முட்டி போட முடியாது, மூட்டுத் தேய்மானம். உட்காருவதற்கு முன்னால் கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நாற்காலியில் விரித்தார். "இடுப்பு வலிம்மா, கொஞ்சம் மெத்துன்னு இருந்தா நல்லது." மெல்லிசுத் துண்டு அது, ஈரிழை. அதில் என்ன மெத்து இருக்கிறது? அவர் ஜெபம் சொல்லும்போது மேல்வரிசைப் பல்செட் லேசாக இறங்கி மறுபடி ஏறி ஒட்டிக்கொள்கிறது, உதட்டு மூலையில் வெள்ளையாக எச்சில் திரண்டு நூல் மாதிரி இழுபடுகிறது, நான் பார்க்கக்கூடாது என்று கண்ணை மூடினால் மூடின கண்ணுக்குள்ளும் அதே நூல் இழுபடுகிறது. இந்த வாய்தான் கேட்டது. போன வருஷம் நாங்கள் வந்த மாசமே, செப்டம்பரில் மாதா பிறந்தநாள் சமயம், கேக்குக்கு முந்திரி நறுக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "உங்க சொந்த ஊர்ல எந்தத் தெரும்மா? கோயில் தெருவா, மேலத்தெருவா?" நான் முந்திரியை நறுக்கிக்கொண்டே "கீழத்தெரு டீச்சர்" என்றேன், சந்தோஷமாகச் சொன்னேன், எங்கள் தெரு எனக்குப் பிடிக்கும். டீச்சர் "ஓ" என்றார். நறுக்கின முந்திரி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "நீ போய் அந்தத் தோரணத்துக்குப் பேப்பர் ஒட்டும்மா, உனக்குக் கை நேக்கு இருக்கு" என்றார். கை நேக்கு. பெருமையாக ஒட்டினேன்.

ஒன்று தெரிந்த பிறகு பழசெல்லாம் வரிசையாகத் திரும்பி வந்து காட்டிக்கொடுக்கிறது. ஊரில் படிக்கும்போது பள்ளிக்கூடத்துப் பானையில் நாங்கள் மொண்டு குடிக்கக்கூடாது, ஆயா மேலிருந்து ஊற்றுவாள், இரண்டு கையையும் சேர்த்து வாயில் வைத்துக் குடிப்போம், முழங்கை வழியாக ஒழுகிப் பாவாடை நனையும், யாருக்கு ரொம்ப நனைகிறது என்று போட்டி போட்டுச் சிரிப்போம். விளையாட்டு என்று நினைத்தேன். பத்தாவது முடிக்கும்வரை விளையாட்டு என்றே நினைத்திருந்தால் நான் எப்பேர்ப்பட்ட மண்டு. கோயிலில் எங்களுக்கு இடப்பக்கம், அவர்களுக்கு வலப்பக்கம். கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு சுவர். செத்தவன் எழுந்து அடுத்த தெருக்காரன் பக்கம் போய்விடுவான் என்றா? டவுனுக்கு வந்தால் சுவர் இல்லை என்று இருந்தேன். டவுனில் சுவருக்குப் பேப்பர் கப் என்று பெயர். டீச்சர் வீட்டுக் கூட்டத்தில் எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர், எனக்கும் வீட்டுக்காரருக்கும் மட்டும் பேப்பர் கப். "பிள்ளை வச்சிருக்க, டம்ளர் சுடும், இதுன்னா பிடிக்க வசதி." வசதியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லி வீட்டுக்காரரிடம் மெச்சினேன், "என்னை மாதிரி பிள்ளைக்காரிய அவங்க எப்படிக் கவனிக்கிறாங்க பாருங்க." அவர் அப்போதும் ம் என்றார். அவருக்கு எங்கே பிள்ளை சுமை, அவருக்கு ஏன் பேப்பர் கப் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை பாருங்கள். இந்த அக்டோபரில்தான், முதல் வாரம், பவுல்ராஜ் ஐயா வீட்டுக் கூட்டத்தில், கண் திறந்தது. தபாலாபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர், சர்க்கரை, எதையும் தொடமாட்டார் என்று நான் நம்பியிருந்தவர், தன் மருமகள் சுட்ட அதிரசத்தில் மூன்றை உள்ளே தள்ளினார். ஒறுத்தல்காரி சூசையம்மா அதிரசம் தின்றாள். கேஸ்காரர் வாழைக்காய் பஜ்ஜி தின்றார். எண்ணெய் ஆகாத டீச்சர் பஜ்ஜியைப் பேப்பரில் வைத்துப் பிழிந்துவிட்டு நாலு தின்றார், உதடு மினுமினுவென்று. நான் கையில் பேப்பர் கப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன். என் வீட்டில் மூடின அத்தனை வாயும் திறந்திருந்தது. அன்றைக்குத்தான் எனக்குக் குமட்ட ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. பன்னிரண்டு வீட்டிலும் நான் சாப்பிட்டிருக்கிறேன். யார் வீட்டுத் தட்டையும் தள்ளினதில்லை.

"இரண்டாம் மறையுண்மை, வீட்டுக்காரங்க சொல்லலாம்" என்கிறார் டீச்சர். நான்தான் சொல்ல வேண்டும். மரியா எலிசபெத்தைச் சந்தித்ததைத் தியானிப்போமாக. குரல் நன்றாக வருகிறது, எனக்குக் கணீர்க் குரல். அருள் நிறைந்த மரியே வாழ்க, ஒன்று. சொல்வது வாய், யோசிப்பது வேறொருத்தி. மலைநாட்டுக்கு நடந்து போனாள் மாதா, வயிற்றில் பிள்ளையோடு, புழுதியோடு, எலிசபெத் வீட்டு வாசலில் நின்றாள், இரண்டு. எலிசபெத்துக்கு எவ்வளவு வயசு, அவளும் வாயும் வயிறுமாக இருந்தாள், ஆனாலும் தண்ணி மொண்டு கொடுத்திருப்பாள், மூன்று. மாதா என்ன, எனக்குக் கேஸ் என்று சொன்னாளா? கையோடு பிஸ்கட் பாக்கெட் கொண்டுபோனாளா? மூணு மாசம் தங்கினாள் என்று இருக்கிறது, மூணு மாசம் எலிசபெத் கையால்தானே தின்றாள். அடுக்களையில் பாலைச் சிம்மில் வைத்துவிட்டு வந்தேன். இஞ்சி தட்டிப்போட்டிருக்கிறது. தட்டைப்பயறு அவித்துத் தாளித்து மூடி வைத்திருக்கிறது, தேங்காய் கடைசியில் தூவிக்கொள்ளலாம். ஆமாம், செய்துவிட்டேன். டீச்சர் ஒன்றும் வேண்டாம் என்றாரே, அப்புறமும் செய்தேன். காலையில் பயறை ஊறப்போடும்போது வீட்டுக்காரர் பார்த்தார். "எதுக்கு?" "பயறு அவிக்கத்தான்." "ஜெசி." "டீயும் போடப்போறேன். குடிக்கிறவங்க குடிக்கட்டும். குடிக்கலைன்னா குடிக்கலைன்னு எனக்குத் தெரியட்டும். ஒவ்வொரு வருஷமும் கேஸுன்னு நம்பிக்கிட்டு என்னால இருக்க முடியாது." அவர் தண்ணிக் குடத்தைத் தூக்கி வைத்துவிட்டு, "பாப்பா சீட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இத்தனை பேர் முன்னால் டம்ளரைக் கொண்டுபோய் நீட்டி, அது திரும்பி வந்தால் நான் என்ன செய்வேன் என்று யோசிக்கிறேன், மலைப்பாக இருக்கிறது, இருநூறு பேருக்குச் சமைக்கச் சொன்னாலும் நான் மலைக்கமாட்டேன், சமையலா மலைப்பு? பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும் டம்ளரை மோந்து பார்க்கும்போதும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு என் வீட்டை என்னையே அசிங்கமாகப் பார்க்க வைக்கிற அந்தப் பார்வைதான் மலைப்பு. அருள் நிறைந்த மரியே. யாரோ இருமுகிறார்கள். அருள் நிறைந்த மரியே. மறுபடி இருமல். கண்ணைத் திறந்தால் டீச்சர் ஜெபமாலையைத் தூக்கிக் காட்டுகிறார், பத்து முடிந்தால் வருகிற பெரிய மணி. எண்ணிக்கை தவறிவிட்டது. பதிமூன்றோ பதினாலோ சொல்லிவிட்டேன். பின்வரிசையில் ஒரு சிரிப்பு. "பரவாயில்லம்மா, அதிகமாத்தானே சொன்ன, வீணாப் போகாது" என்று பவுல்ராஜ் ஐயா சொல்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரிக்கிறேன், எனக்குச் சிரிப்பு சட்டென்று வந்துவிடும், அதுதான் என் சனியன்.

மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எப்படிப் போனது என்று தெரியவில்லை. பெர்லின் என் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாள், சுடச்சுட அவள் மூச்சு என் ரவிக்கைக்குள் இறங்குகிறது. அவளுக்கும் ஒருநாள் யாராவது மேலிருந்து ஊற்றுவார்கள், அவளும் விளையாட்டு என்று சிரிப்பாள். அந்த ஸ்கூலில் சீட்டுக் கிடைத்து, இரட்டைச் சடை போட்டு, டை கட்டி, யார் வீட்டுக்காவது பிறந்தநாளுக்குப் போய், அவளுக்கு மட்டும் பேப்பர் தட்டு வந்து, வீட்டுக்கு வந்து அம்மா அவங்க எவ்வளவு நல்லவங்க தெரியுமா என்று சொல்வாள். மன்றாட்டு மாலை முடிந்தது, கடைசிப் பாட்டு முடிந்தது, எல்லோரும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஆசுவாசமாகக் காலை நீட்டுகிறார்கள். ஸ்டெல்லா அக்கா அந்தப் பையைப் பிரிக்கிறாள், எவ்வளவு விறுவிறுப்பு, பாக்கெட் கிழிபடுகிற சத்தம், ஆரஞ்சுக் கலர் புஸ்ஸென்று திறக்கிற சத்தம். அந்த கிரீமின் வாசம் வருகிறது, டால்டாவும் எசன்சும், நாக்கின் மேல் மெழுகு மாதிரி படிகிற வாசம், எனக்கு ஓங்கரிக்கிறது. பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு அடுக்களைக்குப் போகிறேன். வீட்டுக்காரர் வாசல்படியில் நிற்கிறார், என்னைப் பார்க்கிறார், தள்ளி நின்று வழி விடுகிறார். டீயை ஆற்றுகிறேன். நுரை பொங்க ஆற்றுகிறேன். பதினெட்டு டம்ளர், இரண்டு தட்டு.

"இது எப்ப போட்ட ஜெசி?" என்கிறாள் ஸ்டெல்லா அக்கா. "இப்பத்தான். சூடு இருக்கு, எடுத்துக்கங்க. பயறும் இருக்கு, இதோ எடுத்துட்டு வர்றேன்." சூசையம்மா கலர் கப்பை வாய்க்குக் கொண்டுபோய், "இதே போதும்மா எனக்கு" என்கிறாள். "சாயங்காலம் டீ குடிச்சா ராத்திரி தூக்கம் வராது" என்கிறார் ஒருவர். "எனக்குச் சர்க்கரை" என்கிறார் பவுல்ராஜ் ஐயா, கையில் கிரீம் பிஸ்கட். "சர்க்கரை போடாததும் இருக்கு ஐயா, உங்களுக்குன்னு தனியாப் போட்டேன், இந்தாங்க இது." அவர் அந்த டம்ளரைப் பார்க்கிறார், பிறகு சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்க்கிறார். நான் நகர்கிறேன். ஸ்டெல்லா அக்கா முன்னால் தட்டு. அவள் கை வந்தது. நான் பார்த்தேன், சத்தியமாக வந்தது, இரண்டு விரல் டம்ளர் விளிம்பைத் தொட்டது, சூடுகூட பட்டிருக்கும். அப்போது அவள் டீச்சரைப் பார்த்தாள். ஒரு நொடிதான். கை திரும்பிப் போய் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டது. தொட்டதைத் துடைத்தது. அவளுக்கே தெரியாமல் துடைத்தது, அதுதான் தாங்கவில்லை. வடை திரும்பி வந்த அன்றைக்கு இல்லாத ஒரு தெளிவு எனக்குள் வந்து உட்கார்ந்தது, கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி. டீச்சர்முன் போய் நிற்கிறேன். டீச்சர் துண்டை மடித்துக்கொண்டே நிமிர்ந்து, அதே கனிவோடு, "எதுக்கும்மா உனக்கு இவ்வளவு வேலை? நாங்கதான் எல்லாம் கொண்டு வந்திருக்கோமே. நீ களைச்சுப் போயிருக்க, போய் உக்காரு" என்கிறார். வீட்டுக்காரர் வாசலில் இருந்து ஒரு எட்டு உள்ளே வைக்கிறார், என்னைத் தடுக்கவா, என் பக்கத்தில் நிற்கவா, தெரியவில்லை, நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆவி டீச்சர் கண்ணாடியில் படிகிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, இந்தத் தடவை வரவில்லை.

"நான் களைக்கல டீச்சர். எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. கேஸு, சர்க்கரை, தூக்கம் எல்லாத்தையும் விட்டுட்டு, 'உன் கையால நாங்க குடிக்க மாட்டோம்'னு, இந்த மாதா முன்னாடி, ஒரு தடவை உங்க வாயால சொல்லிட்டுப் போங்க."